தினம் ஒரு ஏரிப் படம்

உங்கள் ஊரில் ஏரி இருக்கிறதா? போன வருடம் இதே மாதத்தில் அதில் எவ்வளவு தண்ணீர் இருந்தது? சொல்ல முடியுமா?

"பாதி ஏரி இருந்தது" என்பார் ஒருவர். "இல்லை, முக்கால் ஏரி" என்பார் இன்னொருவர். டீக்கடையில் இதற்காகச் சண்டையே வந்துவிடும். நாம் தினமும் ஏரியைப் பார்க்கிறோம். ஆனால் பார்த்தது நினைவில் நிற்பதில்லை.

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தில், நகரிப் பக்கம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற ஊர். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். அங்கே எழுத்தறிவு வகுப்பில் நான் பாடம் சொல்லித் தருகிறேன். நானும் பத்தாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள். அவர்களில் ஒருவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். தறிக்குத் தார் சுற்றுவது அவர் வேலை. இரண்டு ஆடுகளும் வைத்திருக்கிறார்.

அத்தையின் மகன் சென்னையில் வேலை செய்கிறார். 2022-ஆம் ஆண்டு தன் பழைய செல்போனை அம்மாவுக்குக் கொடுத்தார். ஒரு நாள் போனில் கேட்டாராம், "ஏரியில் தண்ணி இருக்காம்மா?" என்று. அத்தைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் வகுப்புக்கு வந்து என்னிடம் கேட்டார்.

"இதுல படம் பிடிச்சு அவனுக்கு அனுப்பணும். சொல்லிக் குடு கண்ணு."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார். அங்கே ஒரு படம் எடுப்பார். மகனுக்கு அனுப்புவார். அவருக்கு அப்போது போனில் எழுத்துகளை அழுத்தத் தெரியாது. அதனால் நோட்டில் ஒரு வரி எழுதுவார். நோட்டைக் கரையில் உள்ள கல்லின் மேல் வைத்து, அதையும் ஒரு படம் எடுப்பார். முதல் நாள் எழுதியது இதுதான்: "தணி இல்ல." தண்ணீர் என்று எழுத அவருக்கு இரண்டு வாரம் ஆனது. அதற்குள் ஒரு மழை பெய்து, ஏரியில் கொஞ்சம் தண்ணீரும் வந்துவிட்டது!

ஒளிதான் படம்

புகைப்படம் என்று நாம் சொல்கிறோம். அதில் புகை எதுவும் இல்லை. ஒளிப்படம் என்பதே பொருத்தமான சொல். போட்டோ என்ற சொல்லும் ஒளி என்ற பொருள் உள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஒரு பொருளின் மேல் வெளிச்சம் படுகிறது. அந்த வெளிச்சம் திரும்பி வந்து கேமராவின் கண்ணாடி வழியே உள்ளே போகிறது. உள்ளே அது படமாகப் பதிகிறது. 1839-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் படம் பிடிக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். இப்போது கண் இமைப்பதற்குள் பதிந்து விடுகிறது.

வெளிச்சம்தான் படம் என்றால், எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பது முக்கியம். உச்சி வெயிலில் ஏரியைப் படம் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் தகரம் போலப் பளபளக்கும். மலை சாம்பல் நிறமாகத் தெரியும். காலை ஏழு மணிக்கு எடுத்துப் பாருங்கள். சூரியன் தாழ்வாக இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும். மலையின் மடிப்புகள்கூடத் தெரியும். காலையில் காற்று குறைவு. தண்ணீர் அசையாது. அதனால் மலை தலைகீழாகத் தண்ணீரில் தெரியும்.

எங்கள் பக்கத்தில் நிலம் கிழக்கே சரிந்து போகிறது. ஆகவே பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். காலையில் கரைமேல் நின்று ஏரியைப் பார்த்தால் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும். படம் எடுக்க அது நல்ல இடம். சூரியனுக்கு எதிரே போனைப் பிடித்தால் படம் இருண்டு போகும்.

எங்கள் கரையிலிருந்து நகரி மலை தெரியும். அதன் ஒரு சிகரம் மூக்கு போல நீண்டிருக்கும். கடலில் போகும் மாலுமிகள் இந்த மூக்கைப் பார்த்துத்தான் வழி அறிந்தார்கள் என்பார்கள். அத்தையின் படங்கள் எல்லாவற்றிலும் இந்த மூக்கு இருக்கும்.

போனைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அத்தையின் முதல் படங்கள் எல்லாம் மங்கலாக இருந்தன. போன் பழையது, அதனால்தான் என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது. போனை அவர் இடுப்பில் செருகி வைப்பார். கேமராக் கண்ணாடியில் வியர்வையும் எண்ணெயும் படிந்திருந்தன. புடவைத் தலைப்பால் துடைத்தோம். படம் தெளிந்துவிட்டது! இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்காது.

ஒரே இடம்

அத்தை தினமும் ஒரே இடத்தில் நின்றுதான் படம் எடுப்பார். மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது. அதன் மேல் நிற்பார். படத்தின் இடது ஓரத்தில் ஒரு பனைமரம் வரவேண்டும். வலது ஓரத்தில் மலை மூக்கு வரவேண்டும். இப்படி எடுக்க நான் சொல்லித் தரவில்லை. "ஆடு அங்கதான் மேயும், வேற எங்க போய் நிக்கறது" என்பார். ஆனால் அதுதான் இந்த வேலையின் உயிர்.

நமக்கு அழகான படம் எடுக்க ஆசை வரும். ஒரு நாள் இங்கே நிற்போம். ஒரு நாள் அங்கே நிற்போம். படங்கள் அழகாக இருக்கும். ஆனால் ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியாது. ஒரே இடத்திலிருந்து எடுத்தால் எது மாறியது என்று உடனே தெரியும்.

இதே வேலையைச் செயற்கைக்கோள்களும் செய்கின்றன. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து, திருப்பதி தனி மாவட்டம் ஆனது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்ப்பேட்டைப் பகுதி அதில் சேர்ந்தது. அங்கேதான் புலிக்காட்டு ஏரி இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு இருக்கிறது. அங்கிருந்து போகும் ராக்கெட்டுகள் பல செயற்கைக்கோள்களை வானில் விட்டிருக்கின்றன. அவற்றில் சில, பூமியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கின்றன.

மத்திய ஆசியாவில் ஆரல் என்று ஒரு மிகப் பெரிய ஏரி இருந்தது. அது பெரிதாக இருந்ததால் கடல் என்றே அழைத்தார்கள். 1960-களிலிருந்து அதற்கு வரும் ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். ஏரி சுருங்கியது. 2014-இல் அதன் கிழக்குப் பகுதி முழுவதும் வறண்டு போனதை வானிலிருந்து எடுத்த படங்கள் காட்டின. இதைச் சொன்னபோது அத்தை கேட்டார், "அத்தனை பெரிய ஏரி வத்துற வரைக்கும் கரையில இருந்தவங்க பாத்துக்கிட்டா இருந்தாங்க?"

பனைமரம் சொன்னது

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் பெருமழை. ஏரி நிறைந்து கலிங்கு பாய்ந்தது. தெலுங்கில் இதை மொரவ பாருவது என்பார்கள். அத்தை நோட்டில் எழுதினார்: "2022 டிசம்பர் 11. ஏரி ரொம்பி விட்டது. கலிங்கு பாயுது. பனமரம் தண்ணில நிக்குது."

அடுத்த வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். மறுபடி பெருமழை. மறுபடி ஏரி நிறைந்தது. கலிங்கு பாய்ந்தது. அத்தை படம் எடுத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"கண்ணு, பனைமரம் காஞ்ச தரையில நிக்குது. போன தடவ அதோட காலு தண்ணியில இருந்துச்சே!"

இதில் என்ன இருக்கிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. யோசித்தபோது புரிந்தது. நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

கலிங்கு என்பது ஏரியின் வடிகால் சுவர். அதன் உயரம் மாறாது. தண்ணீர் அந்த உயரத்துக்கு மேல் ஏறினால் வழிந்து ஓடிவிடும். ஆகவே கலிங்கு பாயத் தொடங்கும்போது, எந்த வருடமானாலும் ஏரியின் நீர்மட்டம் ஒன்றுதான். மட்டம் ஒன்று என்றால் தண்ணீர் தொடும் ஓரமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? போன வருடம் தண்ணீரில் நின்ற பனைமரம் இந்த வருடம் தரையில் நிற்கிறது. மரம் நடந்து போகவில்லை. அப்படியானால் தரை உயர்ந்திருக்கிறது. யாரோ அங்கே மண் கொட்டியிருக்கிறார்கள்.

போய்ப் பார்த்தோம். உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி, செம்மண். கோடையில் டிராக்டரில் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டியிருக்கிறார்கள். ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலின் வாயில் பாதி மூடியிருந்தது. நாங்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போய் வந்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒரே நாளில் கொட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

2022 டிசம்பர் படத்தைத் தேடினோம். அத்தையின் போனில் இல்லை. கோடை விடுமுறையில் அவருடைய பேரப் பிள்ளை ஒருவன் வந்திருந்தான். போனில் இடம் இல்லை, விளையாட்டு ஏற்ற முடியவில்லை என்று எட்டு மாதப் படங்களை அழித்துவிட்டான். அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் நோட்டு இருந்தது. அதில் தேதி இருந்தது. மகனுக்குப் போன் செய்து அந்தத் தேதியைச் சொன்னோம். அவர் வாட்ஸ்அப்பில் அந்த நாளுக்குப் போய்த் தேடினார். படம் கிடைத்தது. பனைமரத்தின் அடி தண்ணீரில் இருந்தது.

இரண்டு படங்களையும் நகரியில் ஒரு ஸ்டுடியோவில் அச்சுப் போட்டோம். ஒரு கல்லூரி மாணவி தெலுங்கில் மனு எழுதிக் கொடுத்தாள். கிராம சச்சிவாலயத்துக்குப் போனோம். அத்தையின் நோட்டு தமிழில் இருந்தது. அங்கே இருந்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் தேதி படிக்கத் தெரியும். படத்துக்கு மொழி தேவையில்லை. பனைமரத்தின் மேல் விரலை வைத்து, இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

சில வாரங்கள் கழித்து அளக்க வந்தார்கள். வரத்துக்காலின் வாயில் இருந்ததை இயந்திரம் வைத்து எடுத்தார்கள். பனைமரத்தைச் சுற்றி உள்ள மண் இன்னும் அப்படியே இருக்கிறது. அது ஏரி நிலமா, பட்டா நிலமா என்று பேச்சு நடக்கிறது. அத்தை படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்.

கரையையும் பாருங்கள்

திருப்பதிக்கு அருகே ராயலசெருவு என்ற பெரிய ஏரி இருக்கிறது. செருவு என்றால் தெலுங்கில் ஏரி. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் காலத்து ஏரி என்பார்கள். சுற்றிலும் மலைகள். பார்க்க மிக அழகான இடம். விடுமுறை நாட்களில் அங்கே படம் எடுக்கப் பலர் போவார்கள்.

2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் தத்தளித்தது. அப்போது ராயலசெருவு நிறைந்தது. கரையில் ஒரு இடத்தில் நீர் கசிந்தது. கரை உடைந்துவிடுமோ என்ற பயம். கீழே இருந்த பல ஊர்களின் மக்களை வெளியேற்றினார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். மணல் மூட்டைகளை அடுக்கிக் கசிவை அடைத்தார்கள். நல்ல வேளையாகக் கரை உடையவில்லை.

மண் கரையில் நீர் கசிவது சில சமயம் சிறிய ஈரமாகத் தொடங்கும். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர், இவை வழியாகத் தண்ணீர் புகும். கரையின் வெளிப் பக்கத்தில் ஈரம் தெரியும். படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். கோடையில் கரை முழுவதும் புல் காய்ந்திருக்க, ஒரு இடத்தில் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே கசிவு இருக்கலாம். கசியும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். கலங்கல் என்றால் உள்ளே இருந்து மண்ணும் சேர்ந்து வருகிறது. அது ஆபத்து. உடனே கிராம சச்சிவாலயத்துக்கும் நீர்ப்பாசனத் துறைக்கும் சொல்ல வேண்டும். படத்தையும் காட்டுங்கள். இந்தச் சின்ன ஈரத்தைக் கரையில் நடக்கிறவர்தான் பார்க்க முடியும். செயற்கைக்கோள் படத்தில் அது தெரியாது.

பறவைகள்

ஏரிப் படம் என்றதும் பலருக்குப் பறவைதான் நினைவுக்கு வரும். எங்கள் ஏரியில் கொக்கும் நீர்க்காகமும் வருடம் முழுவதும் இருக்கும். முக்குளிப்பான் என்று ஒரு சின்னப் பறவை. படம் எடுக்கப் போனைத் தூக்கினால் போதும், முங்கிவிடும். வேறு இடத்தில் எழும். அதைப் படம் எடுக்க நான் ஆறு மாதம் முயன்றேன். என்னிடம் இருப்பது வட்ட வட்டமான தண்ணீர் அலைகள்தான்.

செல்போனில் தூரத்துப் பறவை புள்ளியாகத்தான் விழும். கிட்டே போக ஆசை வரும். போகாதீர்கள். ஆட்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டை இடும். முட்டை கூழாங்கல் போலவே இருக்கும். தெரியாமல் மிதித்துவிடுவோம். கூட்டில் இருக்கும் பறவையை விரட்டினால், முட்டை வெயிலில் கெட்டுவிடும். அல்லது காக்கை கொண்டுபோய்விடும்.

பறவைகளை அருகில் பார்க்க வேண்டுமானால், சூளூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள நேலப்பட்டுக்குப் போகலாம். அது 1976 முதல் பறவைகள் சரணாலயம். மழைக்காலத்துக்குப் பின் கூழைக்கடாக்கள் அங்கே கூட்டமாகக் கூடு கட்டும். ஏரித் தண்ணீரில் நிற்கும் மரங்கள் வெள்ளையாகப் பூத்தது போல இருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர் விவசாயிகள் சொல்வார்கள். அதனால் பறவைகளை அவர்கள் தொந்தரவு செய்வதில்லை. புலிக்காட்டு ஏரிக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வரும்.

ஆனால் தூரத்துக்குப் போனால்தான் படம் கிடைக்கும் என்பதில்லை. மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். 1912-இல் பிறந்தவர். சென்னையில் வாழ்ந்தவர். காட்டு யானைகளைப் படம் எடுத்துப் புகழ் பெற்றவர். பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். கேமராக் கடையில் வாங்கிய கேமரா அவருக்குப் போதவில்லை. பல பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு பெரிய கேமராவை உருவாக்கிக்கொண்டார். எடுத்தது எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். யானையைப் பற்றி மட்டுமல்ல, காகம், அணில், மைனா என்று வீட்டைச் சுற்றி இருக்கும் உயிர்களைப் பற்றியும் எழுதினார். தமிழிலும் எழுதினார், ஆங்கிலத்திலும் எழுதினார். 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை ஒரு செய்தித்தாளில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதி வந்தார். பார்ப்பது, படம் எடுப்பது, எழுதுவது, மூன்றையும் அவர் ஒன்றாகச் செய்தார்.

எடுக்கக் கூடாத படங்கள்

ஏரியில் பெண்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது. யாரையாவது படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். எங்கள் ஊரில் இதனால் ஒரு பையன் அடி வாங்கினான். வாங்க வேண்டிய அடிதான்.

கலிங்கு பாயும்போது அதன் மேல் நின்று தன்னைத் தானே படம் எடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அங்கே பாசி இருக்கும். வழுக்கும். தண்ணீரின் வேகம் முழங்கால் ஆழத்திலேயே ஆளைத் தள்ளிவிடும். கரையில் நின்றே எடுங்கள்.

படங்களைப் பாதுகாக்க அத்தை இப்போது ஒரு வழி வைத்திருக்கிறார். மாதம் ஒரு படத்தை ஸ்டுடியோவில் அச்சுப் போடுகிறார். அதன் பின்னால் பேனாவால் தேதி எழுதுகிறார். பழைய தார்ப் பெட்டி ஒன்றில் போட்டு வைக்கிறார். போனில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் அடிக்கடி காட்டிக் கேட்கிறார். நோட்டு இது மூன்றாவது.

போன வாரம் ஒரு நாள் கடும் பனி. அத்தை அன்று எடுத்த படத்தைப் பார்த்தேன். மலை இல்லை. பனைமரம் இல்லை. தண்ணீரும் இல்லை. வெறும் வெள்ளை. இதை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். நோட்டைக் காட்டினார். அன்றைய தேதிக்குக் கீழே எழுதியிருந்தார்: "பனி. ஏரி தெரியவில்லை. தவளை கத்துது."